கிண்டியா, பீளமேடா? ஒரு பெரிய பொறியியல் கல்லூரியின் பெயரும் பலமும்

கோபிச்செட்டிப்பாளையத்தில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்தும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள், கட்-ஆஃப் 197-ஐத் தாண்டுகிறது, மின்னியல் பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள். "அண்ணா யுனிவர்சிட்டி கிடைச்சா விட்டுடாதீங்க" என்று பலரும் சொல்கிறார்கள். "கோயமுத்தூர்லயே நல்ல காலேஜ் இருக்கறப்ப பொட்டப்புள்ளைய எதுக்குங்க அவ்வளவு தூரம் அனுப்பறீங்க" என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெயர் இன்றைய தகுதியால் நிற்கிறதா, பழைய புகழால் நிற்கிறதா என்பது அவருடைய கேள்வி. எந்தக் கல்லூரி உயர்ந்தது என்று மட்டும் அவர் கேட்கவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன். ஊரார் சொல்லும் அந்தப் பெயர் எந்த வளாகத்தைக் குறிக்கிறது, அங்கே உண்மையில் என்ன பலம் இருக்கிறது, அந்தப் பலம் மின்னியல் படிக்க விரும்பும் இந்தப் பெண்ணுக்கு உதவுமா என்ற மூன்றும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. முதல் இரண்டுக்கும் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். மூன்றாவதற்கு என் கணிப்பை மட்டுமே சொல்வேன். கோவையில் பம்ப்செட் மோட்டார் வடிவமைப்பில் நெடுங்காலம் வேலை செய்து, பிறகு மின் இயந்திரங்கள் பாடம் நடத்தியவன் நான். முதுநிலைப் படிப்பைச் சென்னைக் கிண்டி பொறியியல் கல்லூரியில் முடித்தேன். வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்முகத் தேர்வுகளில் எதிர்ப்பக்கத்திலும் அமர்ந்திருக்கிறேன். மின்னியலையும் இயந்திரவியலையும் பற்றித்தான் என் சொல்லுக்கு எடை உண்டு. கணினித் துறையைப் பற்றி நான் சொல்வதை அந்தத் துறையில் இருப்பவர்களிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரில் உள்ள குழப்பத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும்; நம் பக்கத்துக் குடும்பங்கள் பல இதில்தான் தடுமாறுகின்றன. அண்ணா பல்கலைக்கழகம் 1978 செப்டம்பரில் உருவானது. ஏற்கெனவே இயங்கிவந்த நான்கு நிறுவனங்களை இணைத்து அதை உருவாக்கினார்கள்: கிண்டி பொறியியல் கல்லூரி, அதே வளாகத்தில் உள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி, குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. (மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம்). ஊரில் பெரியவர்கள் "அண்ணா யுனிவர்சிட்டி" என்று மரியாதையோடு சொல்வது பெரும்பாலும் இந்த நான்கையும், அவற்றிலும் குறிப்பாகக் கிண்டியையும்தான். 2001-இல் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகமாக அது மாறியது. இன்று நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் பட்டங்கள் அதன் பெயரில்தான் வருகின்றன. பெருந்துறையில் படித்தாலும் கோவை பீளமேட்டில் படித்தாலும் சத்தியமங்கலத்தில் படித்தாலும் பட்டத்தை வழங்குவது அண்ணா பல்கலைக்கழகமே. 2007-இல் அதைப் பிரித்துக் கோவை உள்ளிட்ட இடங்களில் தனித்தனிப் பல்கலைக்கழகங்களை அமைத்தார்கள், சில ஆண்டுகளில் மீண்டும் ஒன்றாக்கினார்கள். அந்தப் பிரிவினையின் மிச்சமாக மருதமலைச் சாலையில் நாவாவூரில் அதன் வட்டார வளாகம் ஒன்று இயங்குகிறது. அது நேர்மையாக நடக்கும் அரசு வளாகம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் அது கிண்டி அல்ல. "அண்ணா யுனிவர்சிட்டிலயே கிடைச்சிருச்சு" என்று மகிழ்ந்து, பிறகுதான் வேறுபாட்டை அறிந்துகொண்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கலந்தாய்வில் கிண்டியின் குறியீட்டு எண் 1. கோவை வட்டார வளாகத்தின் எண் 2025. விருப்பப் பட்டியலில் பெயரைப் படித்ததோடு நிற்காமல் எண்ணையும் பாருங்கள். பட்டத்தின் மேல் உள்ள பெயர் கல்லூரியின் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டையும் சொல்ல வேண்டும்: 2024-இல், இணைப்புக் கல்லூரிகள் பலவற்றின் ஆசிரியர் பட்டியலில் ஒரே பேராசிரியரின் பெயர் பல இடங்களில் இருந்தது வெளிவந்து, பெரும் பேச்சானது.

இனி கிண்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதன் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. மைக்கேல் டாப்பிங் என்ற வானியலாளரின் யோசனைப்படி, புனித ஜார்ஜ் கோட்டைக்கு அருகே நில அளவைப் பள்ளியாக, எட்டு மாணவர்களோடு தொடங்கியது. 1859-இல் பொறியியல் கல்லூரியானது. 1920-இல் கிண்டிக்கு இடம் பெயர்ந்தது. இயந்திரவியல் 1894-இலும் மின்னியல் 1930-இலும் வந்தன. "இந்தியாவின் முதல் பொறியியல் கல்லூரி" என்று சிலர் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாக ஏற்க வேண்டும். தொழில்நுட்பம் கற்பித்த பள்ளி என்ற வகையில் 1794 என்பது மிகப் பழைய ஆண்டுதான். பொறியியல் கல்லூரி என்ற வகையில் 1847-இல் தொடங்கிய ரூர்க்கி முந்தியது. மின்னியல் படிக்கப் போகும் பெண்ணுக்கு இந்தப் பழமையால் நேரடியாக என்ன பயன் என்று கேட்டால், பழைய மாணவர்கள்தான். மின்வாரியம், பொதுப்பணித் துறை, அணுமின் நிலையம், விண்வெளி ஆய்வு நிறுவனம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்று எங்கே போனாலும் அந்த வளாகத்தில் படித்த மூத்தவர் ஒருவர் இருப்பார். அந்தத் தொடர்பின் மதிப்பைப் பட்டியலில் எண்ணாகக் காட்ட முடியாது, ஆனால் வேலைக்குப் போன முதல் பத்தாண்டுகளில் அதன் பயன் நன்றாகத் தெரியும்.

அடுத்து, சேர்க்கை. கிண்டியின் பெயருக்கு இன்றைய காரணங்களில் இதையே முதன்மையானதாகக் கருதுகிறேன். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சேர்த்து 100 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். நுழைவுத் தேர்வு ரத்தான பிறகு பள்ளி மதிப்பெண்ணே எல்லாம். மாநிலம் முழுவதிலும் இருந்து தரவரிசையில் முன்னால் நிற்கும் பிள்ளைகள் முதலில் தேர்ந்தெடுக்கும் இடங்களில் கிண்டி இருக்கிறது. அதனால் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளையும், விடுதி அறையில் உடன் தங்கும் பிள்ளையும், ஆய்வகத்தில் சேர்ந்து அளவெடுக்கும் பிள்ளையும் தன் பள்ளியில் முதல் வரிசையில் நின்றவர்களாக இருப்பார்கள். ஆசிரியர் சரியாக நடத்தாத பாடத்தையும் அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் உட்கார்ந்து படித்து முடித்துவிடுவார்கள். இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. 197-க்கும் 199-க்கும் இடையே உள்ள வேறுபாடு பிள்ளையின் அறிவைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு, கிடைக்கும் இடத்தைப் பற்றிச் சொல்வது மிக அதிகம். வினாத்தாள் எளிதான ஆண்டில் கட்-ஆஃப் எல்லோருக்கும் ஏறிவிடும். ஆகவே சென்ற ஆண்டின் கட்-ஆஃப் மதிப்பெண்ணோடு மகளுடைய மதிப்பெண்ணை ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். தரவரிசை எண் வந்த பிறகு, உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் அந்தக் கல்லூரியின் அந்தப் பிரிவு முந்தைய ஆண்டுகளில் எந்தத் தரவரிசை எண்ணோடு முடிந்தது என்று பாருங்கள். அந்த ஒப்பீடுதான் பொருந்தும்.

படிப்பின் பலத்துக்கு வருகிறேன். தனிக் கல்லூரி எவ்வளவு நன்றாக நடந்தாலும் அதனால் தர முடியாத ஒன்றை ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி தர முடியும்: பல துறைகள் ஒரே வளாகத்தில், ஆராய்ச்சியோடு சேர்ந்து இருப்பது. கிண்டியில் குடிசார், இயந்திரவியல், மின்னியல், மின்னணுவியல், கணினி போன்ற வழக்கமான துறைகளோடு, சுரங்கப் பொறியியல், அச்சு மற்றும் பொதிவுத் தொழில்நுட்பம், வேளாண் மற்றும் பாசனப் பொறியியல், புவித்தகவலியல் போல வேறு எங்கும் எளிதில் கிடைக்காத படிப்புகளும் உண்டு. 1794-இன் நில அளவைப் பள்ளி இன்று செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தை அளக்கும் துறையாக அங்கே தொடர்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. தொலையுணர்வு ஆய்வுக்கும் படிக வளர்ச்சி ஆய்வுக்கும் தனி மையங்கள் 1980-களின் தொடக்கத்திலேயே அங்கு வந்துவிட்டன. 1981 முதல் 1990 வரை துணைவேந்தராக இருந்த வா.செ. குழந்தைசாமி நம் கரூர்ப் பக்கத்தில் பிறந்தவர், நீரியலில் உலகம் அறிந்த ஆய்வாளர். பாடம் நடத்துவதோடு நின்றுவிடாமல் ஆராய்ச்சியும் செய்யும் நிறுவனமாக அது வளர்ந்ததில் அவருடைய காலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மின்னியல் மாணவிக்கு நேரடியாகப் பயன்படுவது உயர் மின்னழுத்தப் பொறியியல் ஆய்வகம். லட்சக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில் ஒரு மின்காப்புப் பொருள் எங்கே, எப்படி உடைகிறது என்பதைப் பாதுகாப்பான தூரத்தில் நின்று கண்ணால் பார்க்கும் வாய்ப்பு நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் இல்லை. எம்.ஐ.டி. வளாகத்தில் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'அனுசாட்' என்ற சுமார் 40 கிலோ எடையுள்ள செயற்கைக்கோளை 2009 ஏப்ரலில் பி.எஸ்.எல்.வி. ஏந்திச் சென்றது. ஒரு பல்கலைக்கழகம் செயற்கைக்கோளைச் செய்து பறக்கவிட்டது என்றால், அதற்குப் பின்னால் மின்கலம், மின்சுற்று, தகவல் தொடர்பு, இயந்திரவியல் என்று பல துறையினர் ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டு முடிவெடுத்த அனுபவம் இருக்கிறது. மேற்படிப்பையோ ஆராய்ச்சியையோ மனத்தில் வைத்திருக்கும் பிள்ளைக்குக் கிண்டியின் மதிப்பு இங்கேதான் கூடுகிறது. பணமும் ஒரு காரணம். பல்கலைக்கழகத் துறைகளின் கட்டணம் சுயநிதிக் கல்லூரிகளை விட மிகக் குறைவு. உங்கள் குடும்பத்தில் மகள்தான் முதல் பட்டதாரி என்றால் அதற்குரிய கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு, சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள் காலியாகிப் பல ஆண்டுகள் நிரப்பப்படாமல் இருப்பதும், அந்த இடங்களில் தற்காலிக ஆசிரியர்கள் பாடம் நடத்துவதும் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் விஷயங்கள். தற்காலிக ஆசிரியர்களில் அருமையாக நடத்துபவர்கள் உண்டு. ஆனால் ஒரு துறையைப் பத்தாண்டு காலம் கையில் எடுத்து வளர்க்க அவர்களுக்கு வாய்ப்பில்லை. ஒரு கருவி பழுதானால் சரிசெய்ய ஆகும் காலமும் ஒரு பொருள் வாங்க ஆகும் கோப்பு வேலையும் தனியார் அறக்கட்டளைக் கல்லூரியை விட அதிகம். பெரிய வளாகத்தில் பிள்ளையைத் தேடி வந்து விசாரிக்கும் ஆசிரியர்களை எதிர்பார்க்க முடியாது. கேட்டால் கிடைக்கும், கேட்காத பிள்ளைக்கு நான்கு ஆண்டுகள் ஓடிவிடும். உங்கள் மகள் தானாகப் போய்க் கதவைத் தட்டுபவளா என்பதை உங்களை விட நன்றாக அறிந்தவர் இல்லை. என் பார்வையில் தரவரிசைப் பட்டியலை விட இந்த ஒன்று முக்கியம்.

தரவரிசைப் பட்டியல் என்றதும் மத்திய அரசு 2016 முதல் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலை எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். பயனுள்ள பட்டியல்தான், ஆனால் அது எதை அளக்கிறது என்று பார்த்துப் படிக்க வேண்டும். பொறியியல் பிரிவில் கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30 விழுக்காடு, ஆராய்ச்சிக்கு 30, மாணவர்கள் தேர்ச்சி பெற்று வேலைக்கோ மேற்படிப்புக்கோ செல்வதற்கு 20, பல தரப்பினரையும் சேர்த்துக்கொள்வதற்கு 10, வெளியில் உள்ள மதிப்புக்கு 10. அண்ணா பல்கலைக்கழகம் அங்கே ஒரே நிறுவனமாக நிற்கிறது. கிண்டிக்கென்று தனி எண் இல்லை. அழகப்பா கல்லூரியில் ஒருவர் வேதிப் பொறியியலில் எழுதிய கட்டுரைகளும் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. கோவையின் பழைய கல்லூரிகள் அந்தப் பட்டியலில் மிகவும் பின்னால் இருப்பதைக் கண்டு அவற்றின் இளநிலைப் படிப்பும் அதே அளவு பின்தங்கியது என்று முடிவு செய்தால் தவறாகிவிடும். ஆராய்ச்சியின் எடை அங்கே பெரிது; பி.இ. வகுப்பில் மின் இயந்திரங்கள் பாடத்தை எவ்வளவு நன்றாக நடத்துகிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

வேலைவாய்ப்புக் கணக்குகளை இன்னும் ஐயத்தோடு படிக்க வேண்டும். கல்லூரிகள் விளம்பரத்தில் போடுவது அதிகபட்சச் சம்பளம். நீங்கள் கேட்க வேண்டியது நடுநிலைச் சம்பளம், அதாவது வேலை பெற்றவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரிபாதியில் நிற்பவர் வாங்குவது. விழுக்காடு போடும்போது வகுப்பில் உள்ள எல்லோரையும் கணக்கில் எடுத்தார்களா, வேலை வேண்டும் என்று பெயர் கொடுத்தவர்களை மட்டும் எடுத்தார்களா என்றும் கேளுங்கள். இன்னொரு விஷயம் பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. மென்பொருள் நிறுவனங்கள் எல்லாப் பிரிவினரையும் எடுக்கின்றன. ஆகவே மின்னியலில் தொண்ணூறு விழுக்காடு வேலைவாய்ப்பு என்று சொல்லும் கல்லூரியில், மின்னியல் வேலைக்குப் போனவர்கள் அந்தத் தொண்ணூறில் சிறு பகுதியாகவும் இருக்கலாம். மோட்டார், மின்மாற்றி, மின்கடத்தல், மின்வாகனம் போன்றவற்றில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று தனியாகக் கேளுங்கள். கிண்டியில் நான்கு வளாகங்களுக்கும் பொதுவான மையம் ஒன்று வேலைவாய்ப்பைப் பார்த்துக்கொள்கிறது. பெரிய நிறுவனங்கள் அங்கு வருவது உறுதி. ஆனால் கோவையின் நடுத்தரப் பம்ப் கம்பெனியோ வார்ப்பாலையோ சென்னைக்குப் போய் ஆள் எடுப்பது அரிது. அவை பீளமேட்டிலும் தடாகம் சாலையிலும்தான் தேடும்.

நம் பக்கத்துக் கல்லூரிகளைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் நிறைவடையாது. தடாகம் சாலை அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945-இல் ஆர்தர் ஹோப் கல்லூரியாகத் தொடங்கியது; அதன் தொடக்கத்தில் ஜி.டி. நாயுடுவின் கொடையும் உழைப்பும் இருந்தன. நான்கு ஆண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குவது என்று வாதிட்டு, அதை அரசு ஏற்காததால் அவர் கல்லூரி முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார் என்பது பலரும் அறிந்த வரலாறு. அந்த வாதத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை, ஆனால் பட்டறையையும் வகுப்பையும் பிரிக்கக் கூடாது என்ற அவருடைய எண்ணம் இந்த ஊரின் கல்லூரிகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பீளமேட்டில் உள்ள பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-இல் தொடங்கியது. 1926-இல் நிறுவப்பட்ட அறக்கட்டளை அதை நடத்துகிறது. பம்பும் மோட்டாரும் செய்யும் தொழிற்கூடம் அதே அறக்கட்டளையிடம் இருக்கிறது. வகுப்போடு தொழிற்கூடப் பயிற்சியையும் சேர்த்து ஐந்து ஆண்டுகள் படிக்கும் சாண்ட்விச் முறை அங்கே நெடுங்காலமாக நடக்கிறது. எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கிய சிவ் நாடார் அங்கு மின்னியல் படித்தவர். 1956-இல் வந்த கோயமுத்தூர் தொழில்நுட்பக் கல்லூரியும் அதே மரபைச் சேர்ந்தது. இவற்றில் அரசு உதவி பெறும் இடங்கள் கிடைத்தால் கட்டணமும் சுமையாக இருக்காது. அதே கல்லூரியின் சுயநிதி இடத்துக்கும் உதவி பெறும் இடத்துக்கும் கட்டணத்தில் பெரிய வேறுபாடு உண்டு என்பதை விருப்பப் பட்டியல் போடும்போது மறக்க வேண்டாம். இந்த மூன்றும் தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாங்களே அமைத்துக்கொள்கின்றன. 1984-இல் தொடங்கிய பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரியும் குமரகுரு கல்லூரியும் இவற்றுக்குப் பிறகு வந்து நல்ல பெயர் எடுத்தவை.

இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் நான் நேர்முகத் தேர்வில் பார்த்த விதத்தைச் சொன்னால் உங்களுக்கு வேறுபாடு விளங்கும். நான் வழக்கமாகக் கேட்ட கேள்வி உங்கள் பட்டறைக்கே வருவதுதான்: கோடையில் நன்றாக ஓடிய கிணற்று மோனோபிளாக் பம்பு, ஐப்பசி மழையில் கிணறு நிறைந்த பிறகு மோட்டாரின் காயில் (கம்பிச் சுற்று) எரிந்துவிடுகிறது; தண்ணீர் மேலே வந்துவிட்டால் மோட்டாருக்கு வேலை குறையத்தானே வேண்டும், ஏன் எரிகிறது? கோவைக் கல்லூரிப் பிள்ளைகளில் பலர் கேள்வி முடிவதற்குள் "டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடி வைக்கச் சொல்லணுங்க சார்" என்று மருந்தைச் சொல்லிவிடுவார்கள். சித்தப்பா தோட்டத்திலோ பயிற்சிக்குப் போன கம்பெனியிலோ பார்த்திருப்பார்கள். ஏன் என்று கேட்டால் சிலர் திணறுவார்கள். கிண்டிப் பிள்ளைகள் தாளை எடுத்துப் பம்பின் வளைகோட்டை வரைவார்கள். ஏற்ற உயரம் குறைந்தால் நீரின் அளவு கூடும், அளவு கூடினால் இந்த வகைப் பம்பில் தண்டுக்குத் தேவைப்படும் திறன் கூடும், திறன் கூடினால் மின்னோட்டம் மோட்டாரின் பலகையில் எழுதிய அளவைத் தாண்டும், காயில் சூடேறி வார்னிஷ் கருகும் என்று படிப்படியாக வந்து சேருவார்கள். மாலை நேரத்தில் மின்னழுத்தமும் குறைந்தால் மின்னோட்டம் இன்னும் ஏறும் என்பதையும் அவர்களில் சிலர் தாங்களே சேர்த்துச் சொன்னார்கள். ஆனால் வால்வை மூடினால் போதும் என்பது அவர்களில் பலருக்கு உடனே தோன்றவில்லை. வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் கோவைப் பிள்ளைகள் வேகமாகப் பயன்பட்டார்கள். புதிய வடிவமைப்பு, வெளிநாட்டுத் தரச்சோதனை, முன்பின் பார்க்காத பழுது என்று வந்தபோது கிண்டிப் பிள்ளைகள் விரைவாக முன்னேறினார்கள். இது என் கண்ணில் பட்டது மட்டுமே. இதற்கு நேர்மாறான பிள்ளைகளும் இரண்டு பக்கமும் இருந்தார்கள், என் மேசைக்கு வந்தவர்களை வைத்து இரண்டு கல்லூரிகளையும் எடைபோட முடியாது. உங்கள் மகள் பட்டறையில் வளர்ந்தவள். எரிந்த காயிலின் வாசனையும், ஸ்டேட்டர் பள்ளத்தில் கம்பியை எப்படி இறக்குவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். கோவைப் பிள்ளைகளிடம் நான் கண்ட பலத்தில் ஒரு பகுதி அவளுக்கு வீட்டிலேயே கிடைத்துவிட்டது. அதனால்தான் அவளுக்குக் கிண்டி கூடுதலாகப் பொருந்தும் என்று எண்ணுகிறேன்.

தூரத்தைப் பற்றி. உறவினர்களின் கவலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். பதினேழு வயதுப் பெண்ணை வெளியூர் அனுப்பும் வீட்டில் அது இயல்பு. ஆனால் கிண்டியில் பெண்கள் பொறியியல் படிப்பது நேற்று தொடங்கியதல்ல. பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கையில் குழந்தையோடு நின்ற லலிதா 1940-இல் அங்கே மின்னியல் படிப்பில்தான் சேர்ந்தார். 1943-இல் படிப்பை முடித்து நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானார். எண்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது. இன்று வளாகத்துக்குள்ளேயே பெண்கள் விடுதி இருக்கிறது, ஈரோட்டில் இரவு ஏற்காடு விரைவு வண்டியில் ஏறினால் காலையில் சென்ட்ரல். உங்கள் கோபியில் வைரவிழாப் பள்ளியில் படித்த வர்கீஸ் குரியன், லயோலாவில் இயற்பியல் முடித்து, கிண்டியில் இயந்திரவியல் படித்து, பிறகு நாட்டின் பால் உற்பத்தியையே மாற்றியவர் என்பதை உறவினர்களுக்கு நினைவூட்டலாம். கோபியிலிருந்து கிண்டிக்குப் பிள்ளைகள் போவது புதிய வழக்கம் இல்லை.

மின்னியல் வேண்டாம், எந்தக் கல்லூரியானாலும் கணினி எடுங்கள் என்று சொல்பவர்களும் உங்களைச் சுற்றி இருப்பார்கள். கணினித் துறையின் நாளைய நிலையைக் கணிக்கும் தகுதி எனக்கு இல்லை. மின்னியலில் இருப்பதை மட்டும் சொல்வேன்: காற்றாலை, சூரிய மின்சாரம், மின்வாகன மோட்டார், மின்சேமிப்பு எல்லாம் மின் இயந்திரமும் மின்திறன் மின்னணுவியலும் சேர்ந்தவை, நம் கொங்குப் பகுதியிலேயே பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. மின்னியல் படித்தவர் நிரல் எழுதக் கற்றுக்கொள்வது நடக்கக்கூடியது. கணினி படித்தவர் பின்னால் வந்து மின் இயந்திரங்களைக் கற்பது அரிது. ராஜ் ரெட்டி 1958-இல் கிண்டியில் குடிசார் பொறியியல் பட்டம் பெற்றவர். 1994-இல் கணினித் துறையின் மிக உயர்ந்த டூரிங் விருதைப் பெற்றார். பிள்ளைக்கு மின்னியலில் மனம் இருக்கும்போது, பயத்தால் அதை மாற்றிவிடாதீர்கள்.

ஆகவே, மின்னியலுக்கென்று நான் போடும் வரிசை இது. முதலில் கிண்டி மின்னியல். அடுத்து பி.எஸ்.ஜி.யின் அரசு உதவி பெறும் மின்னியல் இடம். பட்டறையோடு சேர்ந்து படிக்க வேண்டும், ஓர் ஆண்டு கூடினாலும் பரவாயில்லை என்று மகள் நினைத்தால் சாண்ட்விச் முறையையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு தடாகம் சாலை அரசுக் கல்லூரியும் கோயமுத்தூர் தொழில்நுட்பக் கல்லூரியும். இவை இரண்டில் எது முன், எது பின் என்பதில் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். எம்.ஐ.டி.யின் மின்னணுவியலும் கருவியியலும் நல்லவை, ஆனால் அவள் கேட்பது மோட்டாரும் மின்திறனும் என்பதால் அவற்றைக் கீழே வைக்கிறேன். கலந்தாய்வு இணையவழியில் உங்கள் விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, தரவரிசைக்கு எட்டும் முதல் இடத்தைத் தருகிறது. எனவே கிடைக்காதோ என்று அஞ்சி மேலே வைக்க வேண்டியதைக் கீழே வைக்காதீர்கள். எட்டாத இடத்தை மேலே எழுதுவதால் எட்டும் இடம் கைவிட்டுப் போகாது, எட்டும் இடத்தை மேலே எழுதிவிட்டால் அதற்கு மேற்பட்டது கிடைக்கவே கிடைக்காது.

பட்டியலை உறுதி செய்யும் முன், முடிந்தால் மகளையும் அழைத்துக்கொண்டு கிண்டிக்கும் பீளமேட்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். அலுவலகத்தில் விசாரிப்பதோடு திரும்பாமல், மின் இயந்திர ஆய்வகத்தைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். எத்தனை இயந்திரங்கள் ஓடும் நிலையில் இருக்கின்றன, ஒரு சோதனைக்கு எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று பாருங்கள்; பட்டறைக்காரரான உங்கள் கண்ணுக்கு அது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். மூன்றாம் ஆண்டு படிக்கும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பெண்கள் யாராவது இருந்தால் மகளைத் தனியே அவர்களோடு பேச விடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் ஆசிரியர்களைப் பற்றியும் அவர்கள் மனம் விட்டுச் சொல்ல மாட்டார்கள்.